முன்னால் மாட்டிய இரண்டு டயர்

எனக்கு டயரைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் எங்களுக்கு ஒரு ரீட்ரெடிங் பட்டறை இருந்தது. தேய்ந்து மொட்டையான லாரி டயரைச் சுரண்டி, புது ரப்பர் ஒட்டி, அச்சுக்குள் வைத்து வேகவைத்து எடுத்துக் கொடுக்கிற தொழில். எழுபதுகளின் கடைசியில் எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரு டயரைக் கையால் தடவிப் பார்த்தே அது எந்த ரோட்டில் ஓடியது, ஓட்டியவன் பிரேக்கை எப்படி மிதிப்பவன் என்று சொல்லுவேன். பாதி சரியாக இருக்கும். மீதியை யாரும் போய் விசாரிக்கப் போவதில்லை. அதனால் ஊரில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

அந்தப் பெயரை முழுசாக நம்பியவன் என் சிநேகிதன். பருத்திக் கமிஷன் மண்டிக்காரரின் ஒரே மகன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவனுக்குப் படிப்பு ஏறவில்லை, வியாபாரமும் ஏறவில்லை. மண்டியில் உட்காரவைத்தால் வந்தவனிடம் விலை பேசுவதை விட்டுவிட்டு, வந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். அவன் அப்பா நாள் தவறாமல் திட்டுவார். அவனும் நாள் தவறாமல் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வான்.

ஆனால் அப்பாவின் ஹெரால்டு காரில் ஏறி ஸ்டீரிங்கைப் பிடித்துவிட்டால் ஆள் வேறு. குலுக்கல் இருக்காது, பதற்றம் இருக்காது, பக்கத்தில் இருப்பவன் தூங்கிவிடுவான். மணியைப் பார்த்தால் மட்டும்தான் எவ்வளவு வேகமாக வந்திருக்கிறோம் என்பது தெரியும். ஒரு ஐப்பசி மழையில், பிரசவத்தில் சிக்கிய ஒரு பெண்ணை ஓடைத் தண்ணீருக்குள் காரை விட்டு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் யாருக்கு என்ன அவசரம் என்றாலும் மண்டி வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். எதற்குமே உதவாதவன் என்று பெற்ற தகப்பனே சொன்ன ஒருவனுக்கு, ஊர் கொடுத்த ஒரே மரியாதை அது.

கோயம்புத்தூரிலிருந்து பஞ்சு வாங்க வருகிற ஒருவர்தான் அவனிடம் அந்த விஷயத்தைச் சொன்னார். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பழைய விமான ஓடுதளம் இருக்கிறது, அங்கே சொந்தக் கார் வைத்திருக்கிறவர்களும் பெயர் கொடுத்துவிட்டு ஓட்டலாம், பெரிய பந்தயக்காரனாக இருக்க வேண்டியதில்லை, அதற்கென்று தனி நாள் விடுகிறார்கள் என்று. இவன் அன்று சாயந்தரமே என் பட்டறைக்கு வந்துவிட்டான்.

"ஏலே, நான் போவணும்ல."

"போய்?"

"நான் ஓட்டுதது நெசமாவே நல்லாருக்கா, இல்ல சங்கரன்கோவிலுக்கு மட்டுந்தான் நல்லாருக்கான்னு எனக்குத் தெரியணும்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு அது விளையாட்டாக இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவன் அப்பா சம்மதித்ததுதான் ஆச்சரியம். காரை அந்த வருஷம் விற்றுவிடப் போகிறார், அதனால் மனசு இளகியிருந்தது. "ஒரு தடவ போயிட்டு வந்து தொல. வந்த பெறவு மண்டியில ஒழுங்கா உக்காரணும், என்ன?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏலே, டயர் நீதான பாக்க? ஒன்னைய நம்பித்தான் விடுதேன்" என்றார். "நான் பாத்துக்கிடுதேன் மாமா" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

எஞ்சினில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, அதைத் திருநெல்வேலி மெக்கானிக் ஒருவர் சுத்தம் செய்து கொடுத்துவிட்டார். மிச்சமிருந்தது டயர். அப்போது பதிமூன்று அங்குல கார் டயர் புதிதாக வேண்டுமென்றால் கடையில் சொல்லிவைத்துவிட்டு மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படியே கிடைத்தாலும் புது டயர் இதற்குச் சரிப்படாது என்பது என் கட்சி. புது டயரில் ரப்பர் உயரமாக இருக்கும். வளைவில் வேகமாகத் திருப்பினால் அந்த உயரமெல்லாம் நெளியும், நெளிந்தால் சூடேறும், சூடேறினால் பிடிப்புப் போய்விடும். பாதி தேய்ந்த டயர்தான் காய்ந்த தரையில் நன்றாகப் பிடிக்கும். இது நான் யாரிடமும் படித்ததில்லை. லாரிக்காரர்கள் புது டயர் போட்ட வாரத்தில் மலைப்பாதையில் பயந்து ஓட்டுவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. இதில் நான் சொன்னது சரிதான். ஒன்றில் சரியாக இருந்துவிட்டால் எல்லாவற்றிலும் சரியாக இருப்போம் என்று நினைக்கிற மண்டைக்கனம் எனக்கு எப்போதும் உண்டு.

நல்ல நைலான் டயர் நான்கைப் பொறுக்கி எடுத்து நானே ரப்பர் ஒட்டினேன். பிறகு ஒட்டிய ரப்பரைப் பாதிக்குமேல் நானே சுரண்டி எடுத்தேன். பட்டறையில் எல்லோரும் என்னைக் கிறுக்கனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். விடியற்காலையில் மேலநீலிதநல்லூர் தாண்டிப் போவோம். இரண்டு பக்கமும் மானாவாரிக் காடு, ஆளும் கிடையாது, வண்டியும் கிடையாது. டயரின் ஓரத்தில் சாக்குக்கட்டியால் கோடு போடுவேன். அவன் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியதும் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்ப்பேன். ரொம்பக் கீழே வரை அழிந்திருந்தால் டயர் சாய்கிறது என்று அர்த்தம், காற்றைக் கொஞ்சம் கூட்டுவேன். உடனே நான்கையும் தொட்டுப் பார்த்து எது அதிகச் சூடு என்று நோட்டில் குறிப்பேன். அந்த ஒரு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஒரே ஒரு குறை. வளைவில் திருப்பினால் காரின் மூக்கு கொஞ்சம் வெளியே ஓடியது. "சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்கு" என்றான்.

அந்த நேரத்தில்தான் கடையநல்லூர் டயர் வந்து சேர்ந்தது. துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் வெளிநாட்டு ரேடியல் டயர் வைத்திருக்கிறார், அளவும் சரியாக இருக்கிறது என்று லாரி டிரைவர் ஒருவர் வந்து சொன்னார். இரண்டு பேரும் ஓடினோம். தன் மச்சான் காருக்கென்று கொண்டுவந்தாராம்.

"நாலு வாங்குனேன் அண்ணாச்சி. பம்பாயில எறங்கி கஸ்டம்ஸத் தாண்டி வெளிய வரையில ரெண்டுதான் கையில நின்னுச்சு. ரெண்ட வச்சு மச்சான் என்ன செய்வாரு? அல்லா நாடுனது இம்புட்டுதான்னு பரண்ல போட்டுட்டேன். ஒங்களுக்கு ஒதவும்னா எடுத்துட்டுப் போங்க."

ரேடியலை அதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஓரம் மெத்தென்று அமுங்கியது, தரையில் படுகிற பாகம் மட்டும் உள்ளே கம்பிப் பட்டை வைத்து இறுக்கமாக இருந்தது. அழுத்தி அழுத்திப் பார்த்தேன். நான் செய்த டயரெல்லாம் அதன் பக்கத்தில் மாட்டுவண்டிச் சக்கரம். பொறாமையாகக்கூட இருந்தது.

இரண்டுதான் இருக்கிறது. எங்கே மாட்டுவது? இந்தக் கேள்வி எனக்கு எழவே இல்லை என்பதுதான் விஷயம்.

லாரித் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதிவைத்திருக்காது, ஆனால் எங்கள் பக்கத்தில் அதை மீறுகிற ஓனரும் கிடையாது, டிரைவரும் கிடையாது. நல்ல டயர் முன்னால், ரப்பர் ஒட்டிய டயர் பின்னால். பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு இருக்கும், ஒன்று வெடித்தால் பக்கத்து டயர் தாங்கிக்கொள்ளும். முன்னால் வெடித்தால் ஸ்டீரிங் கையை விட்டுப் போய்விடும், அப்புறம் லாரி புளியமரத்தில்தான் போய் நிற்கும். ரீட்ரெடிங் டயரை முன்னால் மாட்டித் தரச்சொல்லிக் கேட்ட ஒருவரை என் அப்பா பட்டறையை விட்டே வெளியே அனுப்பியிருக்கிறார். நான் நடக்கப் பழகுவதற்கு முன்னால் பழகிய பாடம் அது. அந்த ரேடியல் இரண்டையும் கையில் வாங்கியபோதே முன்சக்கரத்தில் மனசுக்குள் மாட்டிவிட்டேன்.

மாட்டியதும் அவன் பூரித்துப் போனான். "ஏ, மூக்கு எங்க பாத்தாலும் அங்கன போவுதுல!" என்றான். ஆனால் எங்கள் பக்கத்து ரோடெல்லாம் நேர் ரோடு. வேகமாக எடுக்கிற மாதிரி நீளமான வளைவு ஒன்றுகூடக் கிடையாது. ஒரே ஒரு தடவை, ஒரு பாலத்துக்கு முன்னால் உள்ள திருப்பத்தில், காரின் பின்பக்கம் லேசாக விலகியது. அவன் ஸ்டீரிங்கில் ஏதோ செய்தான், சரியாகிவிட்டது.

"வால் ஆடுதுல" என்றான்.

"மணலு கெடந்திருக்கும்" என்றேன்.

இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. அவனும் மேற்கொண்டு கேட்கவில்லை. டயர் விஷயத்தில் நான் சொன்னால் சொன்னதுதான்.

சோழவரத்தில் போய் இறங்கியபோது எங்களைப் பார்த்து யாரும் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. எங்களைப் பார்க்கவே இல்லை. சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர்க் கார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் டயர்களை அடுக்கிவைத்திருந்தார்கள். காங்கிரீட் தரை சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருந்தது. என் டயர்கள் இதில் எத்தனை சுற்றுத் தாங்கும் என்று குனிந்து தரையைத் தடவிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் காரின் மெக்கானிக் எங்கள் காரைச் சுற்றி வந்தார். கோயம்புத்தூர்க்காரர். ஐம்பது வயது இருக்கும். முன்டயரைப் பார்த்தார், பின்டயரைப் பார்த்தார், மறுபடி முன்டயரைப் பார்த்தார்.

"ஏனுங்க, ரேடியல் ரெண்டுதான் இருக்குதுங்களா?"

"ஆமா."

"அப்படீன்னா பின்னாடி மாட்டிப்போடுங்க. முன்னாடி போட்டா முன்பக்கம் புடிச்சுக்கும், பின்பக்கம் விட்டுப்போடும். வண்டி சுத்திருமுங்க."

"எங்க ஊர்ல நல்ல டயர முன்னாலதான் போடுவோம். லாரில..."

"இது லாரி இல்லீங்களே."

அவ்வளவுதான் சொன்னார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக டயரோடு கிடக்கிற எனக்கு, ஒரு அந்நியர் என் காரின் முன்னால் நின்று பாடம் சொல்கிறார். அதைவிட மோசம், அவர் சொல்லச் சொல்லவே அது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாலத்துத் திருப்பத்தில் மணல் கிடக்கவில்லை என்பதும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எங்கள் முறை வர அரை மணி நேரம் இருந்தது. ஜாக்கி போட்டு நான்கையும் மாற்றிப் போட எனக்குக் கால் மணி நேரம் போதும்.

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே வந்தான். "என்னல சொல்லுதாரு?"

"ஒண்ணுமில்ல. காத்து எவ்வளவு வச்சிருக்கன்னு கேட்டாரு."

ஏன் அப்படிச் சொன்னேன்? இந்தக் கேள்வியை நான் என்னையே கேட்காத நாள் குறைவு. எல்லோர் முன்னாலும் சக்கரத்தைக் கழற்றி மாற்றி மாட்டினால் அந்தக் கோயம்புத்தூர்க்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். அது ஒன்றுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

முதல் சுற்றை நிதானமாகப் போனான். இரண்டாவது சுற்றில் இரண்டு கார்களை முந்தினான். பக்கத்தில் நின்ற ஒருவர், "யாருப்பா அந்த ஹெரால்டு?" என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சங்கரன்கோவிலுக்கு வெளியேயும் அவன் நல்ல டிரைவர்தான். அவன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வந்த விஷயம் அதுதான், அது அந்த இரண்டு சுற்றில் முடிவாகிவிட்டது. ஆனால் அதைப் பார்த்தவன் நான். அவன் அல்ல.

மூன்றாவது சுற்றில், நீளமான ஓட்டத்தின் முடிவில் உள்ள வலதுபக்க வளைவில் காரின் பின்பக்கம் விட்டது. அவன் எதிர்ப்பக்கம் திருப்பியது தெரிந்தது. அது போதவில்லை. கார் சுற்றி, பின்பக்கமாகவே போய்த் தார் டிரம் வரிசையில் மோதி, கவிழ்ந்து, மறுபடி நிமிர்ந்து நின்றது. ஓடினேன். ஓடிப்போய் நின்றபோது என் கண் முதலில் போனது டயருக்கு. நான்கும் காற்றோடு இருந்தன. அதற்குப் பிறகுதான் அவனைப் பார்த்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுக்கவைத்தார்கள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அவன் அப்பா சாப்பிட வெளியே போயிருந்த நேரத்தில், என்னைக் கிட்டே வரச் சொன்னான்.

"ஏலே, உண்மையச் சொல்லு. டயரா, நானா?"

இரண்டு வார்த்தையில் முடிகிற பதில். உதடு வரை வந்தது.

"டயர்ல ஒண்ணுமில்லல. நாலும் காத்தோட நிக்கி" என்றேன்.

காற்றோடு நின்றது உண்மைதானே. அப்படித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

"அப்பம் நாந்தான்" என்றான்.

ஊருக்கு வந்தபோது ஒரு கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டிருந்தது. காரை இரும்புக்கடையில் போட்டார்கள். அவன் அப்பா ஒரு அம்பாசடர் வாங்கி, டிரைவர் ஒருவரையும் வைத்துக்கொண்டார். அவன் மண்டியில் உட்கார்ந்தான். அப்பா சொன்னபடியே ஒழுங்காக உட்கார்ந்தான். கணக்கும் பழகிக்கொண்டான். கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் பிறந்தன. ஸ்டீரிங்கை மட்டும் தொடவே இல்லை. கால் காரணம் இல்லை, அந்தக் காலோடு தாராளமாக ஓட்டலாம் என்று டாக்டரே சொன்னார். காரில் முன்சீட்டில்கூட உட்கார மாட்டான். அவசரம் என்று யாராவது பழைய பழக்கத்தில் மண்டி வாசலுக்கு வந்தால், "டிரைவரக் கூட்டிட்டுப் போங்க" என்று தலையை நிமிர்த்தாமலே சொல்லுவான். பிறகு அவர்கள் வருவதும் நின்றுபோனது. "அங்கன போயி வண்டியக் கவுத்தான்லா" என்று ஊரில் பேச்சு. அவனே அதைச் சொல்லிச் சிரிப்பான். அவன் சிரிக்கும்போதெல்லாம் நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இடையில் சொல்லியிருக்கலாம். பத்து வருஷம் இருந்தது. தினமும் சாயந்தரம் அவன் பட்டறைக்கு வருவான், பக்கத்தில்தான் உட்காருவான். நாளைக்குச் சொல்லுவோம், பொங்கல் கழியட்டும், பிள்ளை பிறக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒரு வருஷம் கழித்துச் சொல்வதற்கு ஒரு நாள் கழித்துச் சொல்வதைவிடப் பத்து மடங்கு தைரியம் வேண்டியிருந்தது. அவ்வளவு தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு முகூர்த்த நாள். காலை பதினொரு மணிக்கு அவன் அப்பாவுக்கு மண்டியில் வைத்து நெஞ்சுவலி வந்தது. உள்ளூர் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடனே பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோங்கள் என்றார். டிரைவர் ராயகிரியில் தன் மகள் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். ஸ்டாண்டில் டாக்சி எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தன. அம்பாசடர் மண்டி வாசலிலேயே நின்றது, சாவி உள்ளே ஆணியில் தொங்கியது. அவன் சாவியை எடுத்தான், கதவைத் திறந்தான், உட்காராமல் கதவை மூடினான். அங்கே இருந்தவர்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள். சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் காலோடு என் பட்டறைக்கு ஓடிவந்தான். நான் ரப்பர் பார்சல் எடுக்க ரயில்வே ஸ்டேஷன் போயிருந்தேன். அங்கே வந்து என்னைப் பிடித்து, நான் காரை எடுத்துக் கிளம்பும்போது முக்கால் மணி நேரம் போய்விட்டது.

அவன் பின்சீட்டில் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். மேலநீலிதநல்லூர் தாண்டியதும், "ஏலே, மெதுவாப் போ, இனிமே அவசரமில்ல" என்றான். நான் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வரை போனேன். அங்கே இருந்த டாக்டர், "அரை மணி நேரம் முன்னால கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். எல்லோரிடமும் அவர் கேட்கிற கேள்வியாக இருக்கலாம்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவன் ஒரே வார்த்தையைத்தான் சொன்னான். "எனக்கு மட்டும் ஓட்டத் தெரிஞ்சிருந்தா." மழைக்குள் பாளையங்கோட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனவன் சொல்கிறான். கேட்டுக் கேட்டு எனக்குத் தாங்கவில்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் மத்தியானம் மண்டிக்குப் போனேன். பஞ்சுத் தாட்டு மூட்டைகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தான். இன்றைக்குச் சொல்லிவிட்டால் அவனைத் தூக்கி நிறுத்திவிடலாம் என்று உண்மையாகவே நம்பினேன்.

"ஏலே, அன்னைக்கு வண்டிய நீ கவுக்கல. நாந்தான் கவுத்தேன்."

அவன் லேசாகச் சிரித்தான். "எங்கப்பா செத்ததுக்கு ஆறுதல் சொல்லுதியாக்கும்? சும்மா இருல."

"ஆறுதல் இல்ல. அந்த ரேடியல முன்னால மாட்டியிருக்கக் கூடாது. பின்னால மாட்டணும். அந்தக் கோயம்புத்தூர்க்காரரு சொன்னாரு. நீ ஏறதுக்கு முன்னாலயே சொல்லிட்டாரு."

"காத்து எவ்வளவுன்னு கேட்டாருன்னுல்லா சொன்ன?"

பத்து வருஷத்துக்கு முந்தைய வார்த்தை. அப்படியே வைத்திருந்தான்.

"பொய் சொன்னேன்" என்றேன்.

வெளியே ஒரு லாரி வந்து நின்றது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாலத்துக்கிட்ட வால் ஆடுச்சே. அது மணலு இல்லயா?"

"இல்ல."

"அப்பம் எனக்கு ஓட்டத் தெரியும்."

"தெரியும்ல. ஒன்ன மாதிரி ஓட்ட இந்தச் சுத்துவட்டாரத்துல..."

"வாய மூடு."

அவன் குரலை உயர்த்தவில்லை. என்னையும் பார்க்கவில்லை. மெல்லப் பேசினான்.

"அன்னைக்குச் சாவி என் கையிலதான் இருந்துச்சு. கதவத் தொறந்தேன். ஓட்டத் தெரியாதவன் ஓட்டலன்னா அது விதி, என்ன செய்ய முடியும்னு நான் தூங்கிருவேன். தெரிஞ்சவன் ஓட்டலன்னா? எங்கப்பாவ நான்லா கொன்னிருக்கேன்."

சொன்னால் அவனுக்கு என்ன ஆகும் என்பதை, பத்து வருஷம் தள்ளிப்போட்ட எனக்கு, அந்த ஒரு தடவை யோசிக்கத் தோன்றவில்லை.

"நீ சொன்னத நான் நம்பல" என்றான். "நம்ப மாட்டேன். வண்டியக் கவுத்தது நாந்தான். அப்படியே இருக்கட்டும். எனக்கு ஒண்ணு செய்யணும்னு நெனச்சன்னா, யாரு கேட்டாலும் நீயும் அப்படியே சொல்லு."

எழுந்து, குட்டைக்காலை இழுத்துக்கொண்டு லாரிக்காரரிடம் போனான்.

மறுநாள் சாயந்தரம் எப்போதும்போலப் பட்டறைக்கு வந்தான், டீ குடித்தான். அதற்குப் பிறகு அவன் உயிரோடு இருந்த பல வருஷமும் அப்படித்தான் வந்தான், அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. யாராவது புது ஆள் வந்து உட்கார்ந்தால் ஊர்க்காரர்கள் அந்தக் கதையை ஆரம்பிப்பார்கள். சோழவரம் போன கதை, மூன்றாவது சுற்றில் கார் கவிழ்ந்த கதை. "நீங்கதான் கூடப் போனீங்களாமே அண்ணாச்சி, இவரா கவுத்தாரு?" என்று என்னைக் கேட்பார்கள். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். "ஆமா, இவன்தான் கவுத்தான்" என்று சொல்லுவேன்.